பண்டிகையும் பிடியரிசியும்

மார்கழி பிறந்து வீடுகளின் முகப்பில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியதும், கிறிஸ்தவ இல்லங்களில் இருவகை வேலைகள் மும்முரமாய் நிகழ்வதைக் காணலாம். ஒன்று அடுக்களை வேலை. மற்றொன்று கணக்கு வேலை. அடுக்களையில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் உருவாகிக்கொண்டிருக்க, கூடத்தில் வீட்டுத் தலைவர் அமர்ந்து, சென்ற ஆண்டிற் கர்த்தர் செய்த நன்மைகள் யாவை, அவற்றின்பொருட்டு ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் எவ்வளவு இடலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பார். மகனுக்கு உத்தியோகம் கிடைத்தது ஒன்று. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனது இரண்டு. விபத்தில் வண்டி மட்டும் நசுங்கியது மூன்று. இவ்வழக்கத்தை யான் இகழ்கின்றேனல்லேன். எங்கள் இல்லத்திலும் இஃது உண்டு. ஆயினும் அக்கணக்கில் எழுதப்படாது விடுபட்ட கடனொன்று என் பெயரில் நிற்கின்றது. அதைப்பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

யாங்கள் வாழ்வது வானகரத்தில். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்து வேலப்பன்சாவடிக்குச் செல்லும் வழியில் உள்ளது அவ்வூர். இரவு பகல் ஓயாத சாலையும், விடியுமுன்னரே விழித்துக்கொள்ளும் மீன் சந்தையும், கூவம் ஆறும் எங்களுக்கு அண்டை வீட்டார். கூவம் என்ற சொல்லைக் கேட்டவுடனே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் நகரவாசிகள், மழைக்காலத்தில் அஃது எங்கள் பக்கத்தில் மெய்யாகவே ஆறாகிப் பெருகி ஓடுவதைக் கண்டாரல்லர்.

என் தந்தையாரைப் பெற்ற ஆச்சி, தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்திற்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தவர். அடுக்களை ஆட்சியை என் அன்னையாரிடம் ஒப்புவித்துப் பல்லாண்டுகள் ஆகியும், ஓர் உரிமையை மட்டும் அவர் விட்டுக்கொடுத்திலர். நாடோறும் அரிசியைக் களையுமுன் அதில் ஒரு பிடி அள்ளி, மூலையிலுள்ள எவர்சில்வர் தூக்குவாளியில் இடுவார். மாதக் கடைசியில் அத்தூக்கு ஆலயத்திற்குச் செல்லும். பிடியரிசிக் காணிக்கை என்னும் இவ்வழக்கம் தென்பாண்டி நாட்டுச் சபைகளில் நெடுநாளாக வேரூன்றியது. 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில், வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் முயற்சியால் இந்திய மிஷனரி சங்கம் தோன்றி, அந்நாளைய ஐதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்த டோர்னக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியபோது, அவ்வூழியத்தைத் தாங்கியது செல்வர் கொடை மட்டுமன்று. பனையேறிகள், உழவர் ஆகியோர் வீட்டுப் பெண்கள் ஒதுக்கிய பிடியரிசியுமாம். அதே அசரியா, 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் வங்காளத்துச் செராம்பூரிற் கூடித் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினோருள்ளும் ஒருவர். கிறிஸ்து பிறப்பு நாளன்று விருந்துண்டு உறங்காது சங்கம் கூட்டினரே என்று யான் வியப்பதுண்டு. எங்கள் வீட்டில் அன்று பிற்பகலில் எழுந்திருப்பாரைக் காண்டல் அரிது! வடகிழக்கே மிசோரத்து மலைகளிலும் கிறிஸ்தவப் பெண்கள் நூறாண்டுக்கு மேலாக இவ்வாறே ஒவ்வொரு வேளை உலைக்கும் ஒரு பிடி எடுத்து வைக்கின்றனர்.

இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. பிடியரிசி, உண்டு மிஞ்சிய சோற்றினின்று எடுப்பதன்று. உலையேறுமுன் அரிசியாய் இருக்கும்போதே எடுப்பது. இன்றைய சோறு போதுமா, போதாதா என்பது எடுப்பவருக்குத் தெரியாது. இந்நுட்பம் எனக்கு விளங்குதற்கு இரண்டு வெள்ளங்கள் வேண்டியிருந்தன.

முதல் வெள்ளம் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. எனக்கு அப்போது வயது ஒன்பது. நவம்பர் முழுவதும் பெய்து ஊறியிருந்த நிலத்தின்மீது டிசம்பர் முதல் நாள் மீண்டும் பேய்மழை கொட்டியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மறுநாட் காலை 'இந்து' ஆங்கில நாளேடு சென்னையில் அச்சேறவில்லை. 1878-இல் தொடங்கிய அவ்வேட்டிற்கு அஃது ஒரு புதுமை. கூவத்து வெள்ளம் எங்கள் தெருவழியே ஏறிவந்து, வீட்டு வாயிலின் மூன்றாம் படியில் நின்று, பின் வடிந்தது. அவ்வாண்டுப் பண்டிகை ஆராதனையில் என் தந்தையார் எழுந்து, மூன்றாம் படியில் வெள்ளத்தை நிறுத்திய தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று கண்ணீர் மல்கச் சாட்சி கூறினார். எங்களுக்குப் பின் இருக்கையில் ஆற்றோரக் குடிசையை முற்றும் இழந்த ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். அவரும் காணிக்கைத் தட்டில் ஓர் உறையை இட்டதை யான் திரும்பிப் பார்த்தேன். இவர் எதற்காக இடுகின்றார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் ஆச்சி தந்தையாரை நோக்கி, "நம்ம படியில நின்ன தண்ணி அவ அடுப்புக்குள்ள போச்சே. அப்ப அவ என்ன சாட்சி சொல்லணும்?" என்று கேட்டார். தந்தையார் விடை கூறவில்லை. அவர் நல்லவர், பிறருடைய துன்பத்தில் மகிழ்பவரல்லர். எனினும் நம்மிற் பெரும்பாலோர் செலுத்தும் நன்றியில் இப்படியொரு வேர் ஒளிந்து கிடக்கின்றது. நம்மினும் இழந்தாரைப் பார்த்து, அவர்போல் ஆகாமைக்கு நன்றி கூறுகின்றோம். லூக்கா எழுதின சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் பரிசேயனும் தேவாலயத்தில் முதற்கண் செய்தது நன்றி கூறலே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். அவன் ஜெபத்தில் விண்ணப்பம் ஒன்றும் இல்லை, முழுவதும் ஸ்தோத்திரமே. அவன் குற்றம் நன்றி மறந்ததன்று. பக்கத்தில் நின்றவனை அளவுகோலாகக் கொண்டு நன்றியை அளந்தது.

நிற்க. இரண்டாம் வெள்ளம் 2023-ஆம் ஆண்டில் வந்தது. டிசம்பர் 3-ஆம் நாள், கிறிஸ்துவின் வருகையை எதிர்நோக்கும் காலத்தின் முதல் ஞாயிறு. ஆலயத்தில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றி வந்த இரவே மிக்ஜாம் புயலின் மழை பிடித்துக்கொண்டது, மறுநாளும் விடவில்லை. எட்டாண்டுகளில் தெருச்சாலையின்மேல் சாலையாக இட்டு உயர்த்திவிட்டமையால், எங்கள் மூன்று படிகளில் இரண்டு மண்ணுக்குள் போயிருந்தன. இம்முறை வெள்ளம் கேளாமலே உள்ளே புகுந்தது. பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்காக யான் பரப்பி வைத்திருந்த புத்தகங்கள் கூடத்தில் மிதந்தன. முழங்காலளவு இடுப்பளவு ஆயிற்று. ஆச்சிக்கு எண்பது வயது, நடக்கவியலாது. தந்தையார் முதுகு நோயாளி. யானோ அப்போது ஈர்க்குச்சி.

எங்கள் வீட்டை ஒட்டிய பின்கட்டு அறையில் ஒருவர் தனியே குடியிருந்தார். மீன் சந்தையிற் பனிக்கட்டிப் பெட்டி சுமப்பவர். இரவு இரண்டு மணிக்கு எழுந்து சென்று முற்பகலில் திரும்புவார். அவர் வரும் நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்நேரத்தில் எழுந்து சன்னலைச் சாத்துவேன். மீன் வாடையில் பாடம் மனத்திற் பதியாது என்று ஒருமுறை அவர் செவியில் விழும்படியே சொல்லியுமிருக்கின்றேன். அவர்தாம் அன்று வெள்ளத்தை நீந்தாக்குறையாகக் கடந்து எங்கள் வாயிலில் வந்து நின்று, "பாட்டிய என் முதுகுல ஏத்துங்க" என்றார். எதிர்வீட்டு மாடிக்கு ஆச்சியைச் சுமந்து சேர்த்தார். அங்கே சென்று அமர்ந்த ஆச்சி, தூக்குவாளி வராமல் தாம் உண்பதில்லை என்று பிடிவாதம் செய்யவே, அவர் ஒரு வார்த்தையும் பேசாது மீண்டும் இறங்கிச் சென்று அதைத் தலைமேல் வைத்துக் கொணர்ந்தார். அவர் தலைக்கு அது பழகிய பாரம். சோர்விலும் அச்சத்திலும் இருந்த யாங்கள் அக்காட்சியைக் கண்டு சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். அவருக்கு இடக்காதின் நுனியில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு என்பதை அப்போதுதான் யான் முதன்முறை அருகிருந்து கண்டேன்.

வீடு திரும்பிய முதல் நாள், சமைப்பதற்கு எங்களிடம் இருந்தது யாரோ வந்து கொடுத்துச் சென்ற ஐந்து கிலோ நிவாரண அரிசியே. அன்னையார் அதை அளக்க, ஆச்சி வழக்கம்போல் ஒரு பிடி அள்ளித் தூக்கில் இட்டார். "பிச்சையா வந்த அரிசியிலயுமா பிடி எடுக்கணும்?" என்று தந்தையார் சினந்தார். "இதுலதான்யா மொதல்ல எடுக்கணும்" என்றார் ஆச்சி. அதற்குமேல் விளக்கம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. யான் பின்னர்ப் படித்தறிந்த ஒன்று அதற்கு விளக்கமாய் அமைந்தது. சாக்சனி நாட்டு ஐலன்பர்க் நகரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்றொரு போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போரின் நடுவே 1637-இல் அந்நகரைக் கொள்ளைநோய் சூறையாடிற்று. ஏனைய போதகர்கள் இல்லாத நிலையில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரை அவரே அடக்கம் செய்தார். அவருள் அவர் மனைவியும் ஒருவர். இன்றும் உலகமெங்கும் நன்றிப் பண்டிகைகளில் முழங்கும் ஜெர்மானியக் கீதம் அவர் இயற்றியதே. அது மகா ஆலயத்திற்கென எழுந்ததன்று. உணவு மேசையிற் பாடும் நன்றிப் பாட்டு என்பர். மேசையில் அன்று என்ன இருந்திருக்கும்? நம் ஆண்டவரும், தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியில், அப்பத்தை எடுத்து நன்றி செலுத்திய பின்னரே பிட்டார். மறுநாள் நடக்கவிருப்பதை அவர் அறிவார். கிரேக்க மொழியில் அத்திருவிருந்தின் பெயரே நன்றி என்னும் பொருளது. எல்லாம் நன்றாய் முடிந்த பின்னர்ச் செலுத்தும் நன்றியையே யாம் அறிந்திருந்தோம். முடியுமுன் செலுத்துவதை ஆச்சி தூக்குவாளியில் வைத்திருந்தார்.

அம்மாதம் பதினேழாம் நாள், வருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மழை தெற்கே சென்றது. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது என்றனர். தாமிரபரணி கரை கடந்தது. ஆச்சியின் ஊருக்குத் தொலைபேசி மூன்று நாள் எட்டவில்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட புகைவண்டி, இருப்புப் பாதை அடியோடு அரித்துப் போனமையால், ஏறத்தாழ எண்ணூறு பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. அருகிலுள்ள புதுக்குடி மக்கள், தங்கள் வீடுகளும் வெள்ளத்தில் தத்தளிக்கும் நிலையில், இருந்த அரிசியைக் கூட்டிச் சமைத்து அப்பயணிகளுக்கு உணவளித்தனர் என்னும் செய்தியைப் பத்திரிகையிற் படித்துக் காட்டியபோது, ஆச்சி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு தூக்கை எடுத்து வரச் சொன்னார். எங்கள் ஆலயத்தில் இளைஞர் தெற்கே அனுப்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தனர். முதல் வாரத்தில் எங்களுக்குப் போர்வை தந்தோர் யாவரென யாங்கள் அறியோம். மூன்றாம் வாரத்தில் எங்கள் மூட்டையைப் பெற்றோரும் எங்களை அறியார். ஒரு காலத்தில் தென்னாட்டிலிருந்து வடக்கே சென்ற பிடியரிசி, அவ்வாண்டு வானகரத்திலிருந்து தெற்கே சென்றது. அம்மூட்டையில், பிச்சை அரிசி என்று தந்தையார் வெகுண்ட அரிசியும் இருந்தது. அதைக் கட்டியவர் தந்தையாரே.

இவ்வளவும் என் குடும்பத்தாரின் கதை. என் கதை இனித்தான்.

டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவு ஆராதனையில் சாட்சி கூற இளைஞர் சார்பில் என்னை அழைத்தனர். யான் பேச்சுப் போட்டிகளிற் பரிசு பெற்றவன். அந்நாவன்மையைக் காட்ட இதைவிடத் தக்க தருணம் வேறு ஏது? நோவாவையும் பேழையையும் துணைக்கழைத்தேன். "பெருவெள்ளத்தின் நடுவில் கர்த்தர் தமது தூதனை அனுப்பினார், அத்தூதன் எம் மூதாட்டியைத் தன் தோள்மேற் சுமந்தான்" என்று முழங்கினேன். சபையார் கண் துடைத்தனர். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஆச்சி என் கையைப் பிடித்து, "எய்யா, நல்லாப் பேசுனே. அந்தத் தூதனுக்குப் பேரு ஒண்ணு இருக்கும்லா?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஓராண்டுக்கு மேல் சுவருக்கப்பால் வாழ்ந்தவர் பெயர் எனக்குத் தெரியாது. வெள்ளம் வடிந்த சில நாளில், அறை பாழ்பட்டமையால், நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் வாயிலைக் கடந்தபோது யான் புத்தகங்களை மாடியில் உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். யானும் அசைத்தேன். அவ்வளவே. அவரைத் தூதனாக்கியதால் அவரிடம் நன்றி சொல்லும் வேலை எனக்கு ஒழிந்தது. தூதருக்கு முகவரி இல்லையன்றோ?

மறு ஆண்டு இக்கல்லூரியிற் சிறப்புத் தமிழ் வகுப்பிற் சேர்ந்தேன். திருக்குறளின் பதினோராம் அதிகாரம் பாடமாயிற்று. இனியவை கூறல் என்று பத்தாம் அதிகாரத்திற்குப் பெயரிட்ட வள்ளுவர், அதனையடுத்த அதிகாரத்தைச் செய்ந்நன்றி கூறல் என்னாது செய்ந்நன்றி அறிதல் என்றது ஏன் என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. நன்றி என்னும் சொல்லே பழந்தமிழில் நன்மையைக் குறிப்பது. பிறர் செய்த நன்மையை அறிவதே தமிழர் கண்ட அறம். வாயாற் சொல்லும் உபசாரம் பிற்காலத்தது. நம் கிராமங்களில் இன்றும் உண்ட வீட்டில் யாரேனும் நன்றி என்று சொல்வதுண்டோ? இவ்வாராய்ச்சியால் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி வெறும் புலமை மகிழ்ச்சியன்று என்பதை ஒப்புக்கொள்கின்றேன். யான் சொல்லாவிடினும் அறிந்திருக்கின்றேன்; ஆகவே கடன் தீர்ந்தது என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். விடுமுறைக்கு வீடு சென்று ஆச்சியிடமும் இதனை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அறிஞ்சிருந்தா காலு அங்க போயிருக்குமே" என்றார். வள்ளுவர்க்கு உரை கண்டோர் பதின்மர் என்பர். ஆச்சி அப்பதின்மருள் இல்லை. எனினும் எனக்கு அவ்வுரை போதியதாயிருந்தது.

அன்றிரவு லூக்காவின் பதினேழாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பத்துக் குஷ்டரோகிகளின் கதை ஓய்வுநாட்பள்ளி முதலே நாம் அறிந்தது. ஒன்பதின்மரும் நன்றி கெட்டவர் என்றே நமக்குக் கற்பித்தனர். அன்றோ அவர்கள்பால் எனக்கு ஒரு பரிவு உண்டாயிற்று. அவர்கள் எங்கே சென்றனர்? ஆசாரியரிடத்திற்கு. அவ்வாறு செல்லும்படி ஆண்டவரே கட்டளையிட்டிருந்தார். லேவியராகமத்து முறைப்படி, சுத்தமானவன் குருவிகளும் ஆட்டுக்குட்டிகளும் கொணர்ந்து காணிக்கை செலுத்தவேண்டும். ஆகவே அவர்கள் ஆலயத்திற்குத்தான் சென்றனர். காணிக்கை செலுத்தத்தான் சென்றனர். உறையோடு செல்லும் நம்மைப்போலவே. சமாரியன் ஒருவன்மட்டும் நடுவழியில் நின்று, வந்த வழியே திரும்பி, சுகமளித்தவர் நின்ற இடத்திற்குச் சென்றான். வேறுபாடு அத்திரும்பலில் இருந்தது. என் சாட்சி ஆலயம்வரை சென்றது. பின்கட்டு அறைவரை திரும்பி வரவில்லை.

2024-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு மீன் சந்தைக்குச் சென்றேன். பத்து நிமிட நடை. அதுவரை ஒருநாளும் சென்றதில்லை. தரையெங்கும் பனிக்கட்டி உருகிய நீர். விளக்கொளியில் பெட்டி பெட்டியாக மீன். ஒருவர் சொல்வது ஒருவர்க்குக் கேளாத இரைச்சல். பெயர் தெரியாத ஒருவரைத் தேடுவது எத்துணை நகைப்புக்குரியது என்பது அங்கே விளங்கிற்று. "பெட்டி தூக்கறவரா? இங்க எல்லாரும் அதானே தூக்கறோம்" என்று ஒருவர் சிரித்தார். மறுநாளும் சென்றேன். மூன்றாம் நாள் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மையார், காதுத் தழும்பைச் சொன்னதும், கத்தியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவனா? காசிமேட்டுக்குப் போய் ஒரு வருசமாகுதே. உனக்கு என்னப்பா வேணும், கடனா?" என்றார். ஆம் என்றேன். "அவன் வாங்கினதா, நீ வாங்கினதா?" என்று மீண்டும் கேட்டார். யான் விடை சொன்னபின் அவர் பெயரைச் சொன்னார்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வானகரத்துச் சந்தை போன்றதன்று. நகரின் வடகோடியில், கடலை ஒட்டிய பெருந்துறை. இருமுறை சென்று வெறுங்கையோடு மீண்டேன். ஒருமுறை அவர் படகோடு கடலுக்குள் சென்றிருப்பதாகச் சொன்னார்கள். மறுமுறை அப்படியொருவரை அறியோம் என்றார்கள். இவ்விடுமுறையில் மீண்டும் செல்லவிருக்கின்றேன். அவர் பெயரை இக்கட்டுரையில் எழுதுமாறு நண்பர் ஒருவர் தூண்டினார். எழுதேன். அப்பெயரை முதன்முறை அவர் எதிரே நின்று அழைக்க விரும்புகின்றேன்.

ஆச்சி ஒரு டப்பா முந்திரிக்கொத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கின்றார். பதினைந்து நாள்வரை கெடாது என்கின்றார்.